நாய்க்குக் கறி சமைப்பது எப்படி: சட்டியில் வெங்காயம் விழுவதற்கு முன்னால்

எங்கள் வீட்டு மணி ஒன்பது கிலோ இருப்பான். பொமேரியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், வளர்ந்த பிறகு பார்த்தால் பாதிதான் பொமேரியன், மீதி எங்கள் தெரு. அக்கா மகன் பிறந்தநாளுக்கு வாங்கிய பர்கரில் இரண்டு மீந்துவிட, பையன் அன்போடு இரண்டையும் அவனுக்கே ஊட்டிவிட்டான். ராத்திரி அம்மா தன் பங்குக்கு, மதியம் வைத்த சிக்கன் குழம்பைச் சட்டியின் அடிவரை வழித்துச் சோற்றில் பிசைந்து வைத்தார். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஒரே ஒரு வாந்தி, நாய் என்றால் வாந்தி எடுக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். நான்காம் நாள் காலை வாசலில் அவன் போன மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. ஈறு வெளுத்துப்போய், மாடிப்படி ஏற முடியாமல் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “இந்த நாலஞ்சு நாளைக்குள்ள வெங்காயம், பூண்டு போட்டது ஏதாவது சாப்பிட்டானா?” என்பதுதான். நம் வீட்டில் அது இரண்டும் போடாத சாப்பாடு எது என்று எங்களுக்கே யோசிக்க வேண்டியிருந்தது.

மணி பிழைத்துக்கொண்டான். அதன் பிறகு படித்ததும், டாக்டரை நச்சரித்துத் தெரிந்துகொண்டதும், அடுப்படியில் செய்து செய்து பழகியதும்தான் கீழே இருப்பது. நாய்க்குக் கறி போடலாமா என்றால் தாராளமாகப் போடலாம். கறியோடு சேர்ந்து என்ன உள்ளே போகிறது என்பதில்தான் வில்லங்கம் எல்லாம்.

படி 1: வெங்காயம் உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைப் படித்தால் ‘கொஞ்சம் போட்டால் ஒன்றும் ஆகாது’ என்கிற இடத்துக்கே திரும்ப வந்துவிடுவீர்கள்.

வெங்காயத்துக்குக் காரத்தையும் வாசனையையும் தருகிற கந்தகச் சேர்மங்கள்தான் குற்றவாளிகள். நாயின் குடலில் இவை உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போய், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைக் கெடுக்கின்றன. கெட்டுப்போன ஹீமோகுளோபின் கட்டியாகத் திரண்டு அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சின்னப் புடைப்பு மாதிரி தெரியும், ஹெய்ன்ஸ் பாடி என்று பெயர். மண்ணீரல் இப்படிப்பட்ட அணுக்களைப் பழுதென்று பொறுக்கி அழித்துவிடும், சில அணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்துவிடும். உடைந்து கொட்டிய ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதுதான் நான் வாசலில் பார்த்த அந்த டிகாக்‌ஷன். நாம் கிலோ கணக்கில் தின்கிறோமே, நமக்கு ஏன் வருவதில்லை என்றால், இந்த மாதிரித் தாக்குதலைச் சமாளிக்கும் கேட்டலேஸ் என்ற நொதியின் வேலை நாயின் சிவப்பணுவில் நம்முடையதைவிடக் குறைவு.

இது நேற்றைய கண்டுபிடிப்பும் இல்லை. 1930-லேயே அமெரிக்காவில் செப்ரெல் என்ற மருத்துவர், வெங்காயம் கொடுத்த நாய்களுக்கு இரத்தசோகை வருவதை எழுதி வைத்துவிட்டார்.

இதில் ஏமாற்றும் விஷயம் நாள்கணக்குதான். வாந்தி, பேதி வந்தால் முதல் நாளில் வரும், வராமலும் போகலாம். சிவப்பணுக்கள் கெடுவது ஒரு நாளுக்குள் தொடங்கி மூன்றாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும், அணுக்கள் அழிந்து நாய் சோர்ந்து விழுவது அதற்கும் பிறகு. அதனால்தான் “எங்க நாய் வெங்காய பஜ்ஜியே தின்னும், ஒண்ணும் ஆனதில்ல” என்று சொல்கிறவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள். அடுத்த வாரம் அது இரண்டு நாள் மந்தமாகப் படுத்திருந்ததை யாரும் பஜ்ஜியோடு முடிச்சுப் போட்டிருக்க மாட்டார்கள்.

படி 2: உங்கள் நாயின் எடைக்கு ஒரு கணக்குப் போடுங்கள்

கால்நடை மருத்துவத்தில் சொல்லப்படும் பொதுக் கணக்கு, நாயின் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் வெங்காயம் உள்ளே போனால் நஞ்சாகும் என்பது. அதாவது கிலோவுக்கு 5 கிராம். 5 கிலோ குட்டி நாய்க்கு 25 கிராம், அது மூன்று சின்ன வெங்காயம். மணி மாதிரி 9 கிலோ என்றால் 45 கிராம். 30 கிலோ லாப்ரடார் என்றால் 150 கிராம், ஒரு பெரிய பல்லாரி.

பெரிய நாய் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நிம்மதி ஆக வேண்டாம். அரை கிலோ சிக்கன் குழம்புக்கு நாம் எத்தனை வெங்காயம் நறுக்குகிறோம்? கைக்கு அடக்கமான மூன்றாவது போகும், 250 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழம்பில் கால் பங்கு சோற்றில் விழுந்தால் 60 கிராம் வெங்காயம். குழம்பில் வெங்காயம் கண்ணுக்கே தெரியாது, அதுதான் நல்ல குழம்புக்கே அழகு, ஆனால் கரைந்துபோனால் காணாமல் போனதாக அர்த்தம் இல்லை. வதக்கினாலும், பொரித்தாலும், வேக வைத்தாலும், காய வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இன்னொன்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போட்டால் அதுவும் சேரும். ஒரே நாளில் 0.5 சதவீதத்தைத் தொடவில்லை என்பதை வைத்து ‘இதுவரை போடலாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அபாயக் கோடு மட்டும்தான்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் வெங்காயப் பொடி ஒரு கிராம் என்றால் பச்சை வெங்காயம் எட்டு, ஒன்பது கிராமுக்குச் சமம். பர்கர், சிப்ஸ், சூப் பாக்கெட், நூடுல்ஸ் மசாலா எல்லாவற்றிலும் இந்தப் பொடி உண்டு.

பூண்டும் அதே குடும்பம்தான், வெங்காயத்தாள் உட்பட. பூண்டு நல்லது, உண்ணி ஓடிவிடும் என்று நாய்க்குத் தினமும் ஒரு பல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2000-ல் ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நாய்களுக்குக் கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்குச் சமமான சாற்றை ஏழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள், சிவப்பணுக்கள் அதே போலக் கெட்டன. ஒரு பல் அவ்வளவு வராது என்பது உண்மைதான். ஆனால் உண்ணிக்கு இன்று நல்ல மாத்திரையும் சொட்டு மருந்தும் கிடைக்கும்போது எதற்கு இந்த விஷப் பரீட்சை?

அகிடா, ஷிபா மாதிரி ஜப்பானிய இனங்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே இந்த நஞ்சு கூடுதலாக ஏறும். பூனைக்கும் நாயைவிடச் சீக்கிரம் பாதிக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் பூனைத் தட்டிலும் கண் வையுங்கள்.

படி 3: பர்கர் விஷயத்தில் வெளிநாட்டு அறிவுரையை அப்படியே எடுக்காதீர்கள்

இணையத்தில் தேடினால் ‘சாஸ், வெங்காயம், ரொட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடுவில் இருக்கும் கறியை மட்டும் நாய்க்குக் கொடுக்கலாம்’ என்று அமெரிக்கர்கள் எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது பொருந்தும். அங்கே ஹாம்பர்கர் என்றாலே அரைத்த மாட்டுக்கறி, அந்தப் பெயரிலேயே கடையில் எடை போட்டு வாங்கி வந்து, தட்டி, உப்பும் மிளகும் தூவிச் சுடுகிறார்கள். வெங்காயம் மேலே வளையமாக உட்கார்ந்திருக்கும், விரலால் எடுத்துப் போட்டுவிடலாம்.

நம் ஊர்ப் பர்கரில் நடுவில் இருக்கும் அந்தப் பொருளை (பேட்டி என்று எழுதினால் நேர்காணல் ஆகிவிடுகிறது, பாட்டி என்று எழுதினால் இன்னும் விபரீதம், அதனால் கறி வில்லை என்றே வைத்துக்கொள்வோம்) பிய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் சிக்கன் கொத்துக்கறி, அதோடு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மசாலா, ரொட்டித்தூள் எல்லாம் பிசைந்து பொரித்தது. மேலே இருக்கும் வளையத்தை எடுப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஏனென்றால் வெங்காயம் கறிக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானில் ஹம்பாகு என்று ஒன்று சாப்பிடுகிறார்கள், அதுவும் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக் கறியோடு பிசைந்ததுதான். கபாப், கோலா உருண்டை, கட்லட் எல்லாம் இதே ரகம். கறிக்குள் கலந்துவிட்டால் பிரிக்க வழி இல்லை, நாய்க்கு இல்லை என்று முடிவு செய்துவிடுங்கள்.

பர்கரில் இன்னும் சில கேடு உண்டு, உப்பும் கொழுப்பும். கொழுப்பை ஒரேயடியாக விழுங்கும் நாய்க்குக் கணையம் வீங்கிக்கொள்ளும், வலியில் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், அதுவும் ஆஸ்பத்திரி கேஸ்தான்.

படி 4: வீட்டில் எதில் எல்லாம் ஒளிந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்

பிரியாணி, சால்னா, சிக்கன் 65, மட்டன் சுக்கா இதெல்லாம் தெரிந்தது. தெரியாதது ரசத்தில் தட்டிப் போட்ட பூண்டு, கூட்டில் தாளித்த வடகம் (வெங்காயம் இடித்துக் காயவைத்ததுதானே அது), பிரியாணிக்குப் பக்கத்தில் வரும் தயிர்ப் பச்சடி, நேற்றைய சாம்பார் சோறு. சைவ வீடு என்றாலும் தப்பவில்லை, சாம்பார் வெங்காயம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம்.

கூடவே வேறு மூன்றையும் சொல்லிவிடுகிறேன். பாயசத்தில், பிரியாணியில் போடும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், சர்க்கரை அளவை மளமளவென்று கீழே இறக்கிவிடும்.

படி 5: கறி வாங்குவது

கோழிக்கடையில் ‘நாய்க்கு’ என்று கேட்டால் கழுத்து, தோல், தலை, கால் எல்லாம் ஒரே கவரில் கட்டிக் கொடுப்பார்கள். விலை குறைவுதான், ஆனால் அதில் பாதி தோலும் கொழுப்பும், மீதி எலும்பு. வாரம் முழுக்க இதையே போட்டால் நாய் குண்டாகும், வளராது. அதற்குப் பதில் எலும்பில்லாத நெஞ்சுக்கறி கொஞ்சம், தொடைக்கறி கொஞ்சம் என்று வாங்கித் தோலை உரித்துவிடுங்கள். மாட்டுக்கறி என்றால் கொழுப்பு குறைந்த துண்டாகப் பார்த்து, உங்கள் கண் முன்னாலேயே அரைத்துத் தரச் சொல்லுங்கள், மசாலா தடவி வைத்ததை வாங்காதீர்கள். ஈரல் நல்லது, ஆனால் வைட்டமின் ஏ அதிகம், சாப்பாட்டில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

மீன் என்றால் மத்தி போதும். வேக வைத்து முள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பச்சையாகப் போடலாமா என்று ஒரு பெரிய சண்டையே நடக்கிறது. நான் போடுவதில்லை. நம் ஊர் வெயிலில், கடை மேசையில் காலையிலிருந்து தொங்கிய கறியில் சால்மொனெல்லா இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நாய் தாங்கிக்கொண்டாலும் அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி வெளியே வரும், வீட்டில் தரையில் தவழும் குழந்தை இருக்கிறது.

படி 6: சமைக்கும் வரிசையை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நாய் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் நம் சமையலைத் தொடங்குங்கள். கறியைக் கழுவியதும், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது எதுவும் தொடுவதற்கு முன், அதன் பங்கை வேறு பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். கரண்டியும் தனி. வெங்காயம் வதக்கிய சட்டியில் வேக வைத்துவிட்டு ‘நான் வெங்காயமே போடலையே’ என்று சொல்லக்கூடாது.

கறியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, முங்கும் அளவு தண்ணீர் விட்டு, உப்பில்லாமல் வேக வையுங்கள். கோழி உள்ளே 74 டிகிரி, அரைத்த மாட்டுக்கறி 71 டிகிரி சூடேறினால் போதும் என்பது கணக்கு. வெப்பமானி இல்லாத வீட்டில் உள்ளே இளஞ்சிவப்பு துளியும் இல்லாத வரை என்று வைத்துக்கொள்ளலாம். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஆறியதும் மேலே படியும் கொழுப்பை வழித்துவிட்டு அதிலேயே சோற்றைப் பிசையலாம். கேரட், பூசணி, பீன்ஸ் எது இருக்கிறதோ அதில் கொஞ்சம் கூடவே போட்டு வேக வைத்துவிடலாம்.

மணிக்குப் பர்கர் ஆசை விடவில்லை, அதனால் மாதம் ஒரு முறை அவனுக்கென்று ஒன்று செய்வேன். 100 கிராம் கொத்துக்கறி, வெந்த பூசணி ஒரு கரண்டி, அரை முட்டை, கையால் தட்டி, எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் உள்ளே வேகும் வரை, அவ்வளவுதான். ரொட்டி, சாஸ் எதுவும் இல்லை. அவனுக்கு வித்தியாசம் தெரிந்த மாதிரியே இல்லை.

படி 7: எவ்வளவு போடுவது

நாய் மாமிச உண்ணி, கறி மட்டும் போட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் இப்போது அதிகம். ஓநாய்க்கு அது சரி. நாய் நம்மோடு சேர்ந்து சோறும் கூழும் தின்றே வளர்ந்த பிராணி, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பிரதிகள் இருப்பதாக 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சோறு போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

கருத்தடை செய்த, வளர்ந்த, 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 630 கலோரி வேண்டும். வேக வைத்த, தோலில்லாத நெஞ்சுக்கறி 150 கிராம், சோறு 250 கிராம், காய் ஒரு கை, ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றால் அந்தக் கணக்கு வந்துவிடும். இதை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். 20 கிலோ நாய்க்கு இதில் இரண்டு மடங்கு போடாதீர்கள், ஒன்றே முக்கால் மடங்குக்குள் போதும், எடை கூடக்கூடக் கிலோவுக்கு வேண்டிய கலோரி குறைந்துகொண்டே வரும். நாள் முழுக்க ஓடுகிற சிப்பிப்பாறைக்கு இது பத்தாது, சோபாவிலேயே கிடக்கிற பக்குக்கு இதுவே அதிகம். விலாவில் கை வைத்துப் பாருங்கள், எலும்பு தடவினால் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது.

இதுவரை ரொட்டித்துண்டோ பாக்கெட் உணவோ தின்ற நாயைத் திடீரென்று கறிக்கு மாற்றினால் பேதி பிடுங்கும். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள்.

படி 8: எலும்பும் கால்சியமும்

வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். வெந்ததும் கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். தெரு நாய் தின்கிறதே என்பார்கள். தின்று குத்திய நாய் எங்கே போய்ச் செத்தது என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

ஆனால் எலும்பை நிறுத்தினால் கால்சியம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. வெறும் கறியும் சோறுமாக மாதக்கணக்கில் போனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பித்துவிடும். குட்டிகளுக்கு இது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், கால் வளையும், லேசாகக் குதித்தாலும் எலும்பு முறியும். முட்டை ஓட்டைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 10 கிலோ நாய்க்குத் தினம் அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். இது வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு. குட்டிக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளதற்கும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடியைப் போடாதீர்கள், கால்சியம் கூடிப்போனாலும் கெடுதல்.

துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ இதெல்லாம் கறிசோற்றில் குறையும். நான் ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு, ஒரு வேளை முழுச் சத்தும் கணக்குப் பார்த்துச் செய்த நாய் உணவு என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வேளையும் வீட்டிலேயே சமைப்பதாக இருந்தால் எந்தச் சத்து மருந்து, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 9: தின்றே விட்டது என்றால்

முதலில் என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். பாக்கெட் இருந்தால் கையோடு எடுங்கள். தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் வாந்தி எடுக்க வைத்துவிடுவார், பிறகு தேவைப்பட்டால் கரித்தூள் மருந்து கொடுப்பார். அதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வேலை மட்டும் வேண்டாம், இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்துவிடும், வெங்காயத்தை விட்டுவிட்டு உப்புக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதாகிவிடும்.

நேரம் தாண்டிவிட்டது, நாய் நன்றாகத்தான் ஓடுகிறது என்றாலும் ஒரு வாரம் கவனியுங்கள். தினம் காலையும் மாலையும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பு வெளுக்கிறதா, மஞ்சள் தட்டுகிறதா என்று. மூத்திரத்தை வெள்ளைத் துணியிலோ டைல்ஸிலோ பார்த்தால் நிறம் தெரியும். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், வழக்கமான நடையில் பாதியில் உட்கார்ந்தால், யோசிக்காமல் கிளம்புங்கள்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. இரத்தப் பரிசோதனை, டிரிப், தேவைப்பட்டால் ஆக்சிஜன், ரொம்ப மோசமானால் வேறு நாயிடமிருந்து இரத்தம். இரத்தம் ஏற்றும் வசதி தெருமுனை கிளினிக்கில் இருக்காது. சென்னையில் என்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பக்கத்தில் இந்த வசதி எங்கே என்பதை இப்போதே விசாரித்து நம்பரைக் கைபேசியில் போட்டு வைக்கலாம்.

மணிக்கு இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைச் சொல்லும் பிசிவி 37-க்குக் கீழே போகக்கூடாது, அன்று 23 இருந்தது. இரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை. மூன்று நாள் டிரிப், அப்புறம் வீட்டிலேயே ஓய்வு, வாரம் ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்து, மூன்றாவது வாரம் 38 வந்ததும்தான் டாக்டர் அவனை மாடிப்படி ஏறவிட்டார். அம்மா இப்போது கறி வந்த நாளில் வெங்காயக் கூடையைத் தொடுவதற்கு முன்னால் “மணி பங்கு எடுத்தாச்சா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுப்பார்.